வரவேற்பு: நூற்றுக்கு நான்கு

2191ஆம் ஆண்டு, ஆவணி மூன்றாம் நாள். கலியமூர்த்தியின் குறை இதுதான்: உடன்பிறந்த தங்கை மங்கையற்கரசி அவரை "வாங்கண்ணே" என்று அழைத்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

நிலாக் குடியிருப்பில் கணக்கிடாமல் எவரும் எவர் வீட்டுக்கும் செல்வதில்லை. காதின் பின்னே ஒட்டிய எதிர்வுமானி, உள்ளே கிடைக்கப்போகும் வரவேற்பைக் கதவுக்கு இப்பாலேயே அளந்து சொல்லிவிடும்; அழைத்தால் ஒருவர் வருவாரா என்பதையும் சொல்லும். அதன் சூத்திரத்தில் இரண்டே உறுப்புகள்: மற்றவரின் பழைய நடத்தை ஒன்று, அணிந்தவரின் எதிர்பார்ப்பு மற்றொன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன், தங்கையின் கணவர் நோயுற்றுக் கிடந்தபோதும் கலியமூர்த்தி அவள் வீட்டுக் கதவுவரை வந்தார். "நூற்றுக்கு ஆறு" என்றது மானி. திரும்பிவிட்டார். நோயாளி பிழைக்கவில்லை.

இன்று தங்கை மகள் இளவெயினிக்குத் திருமணம். தாய்மாமன் நெற்றிப்பட்டம் கட்டாமல் மணமேடை ஏறமாட்டேன் என்று அவள் செய்தி அனுப்பியிருந்தாள். பட்டமும் கையுமாக அதே கதவின் முன் நின்றார்.

"நூற்றுக்கு நான்கு."

முகத்தை இறுக்கிக்கொண்டார். கதவு திறந்தது. அவ்விறுக்கத்தைக் கண்ட மங்கையற்கரசியின் முகமும் இறுகியது. அவள் காதிலும் மானி இருந்தது.

"பாத்தியா? வான்னு ஒரு வார்த்தை வருதா உங்கம்மா வாயில? மானி பொய் சொல்லாது," என்றார், தாயின் பின்னால் வந்த இளவெயினியிடம்.

"மூஞ்சிய ஈயச்சட்டி மாதிரி வச்சிக்கிட்டு வந்து நின்னா, எப்படிச் சொல்றதாம்?" என்றாள் தங்கை.

கணிப்பு நிலையத்தில் பணிபுரியும் இளவெயினி, மணக்கோலத்திலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாமா, ஆறு வருஷத்துக்கு முன்னாடி சூரியப் புயல்ல பழைய பதிவெல்லாம் அழிஞ்சுபோச்சு. நேத்துதான் கண்டுபிடிச்சோம். அன்னையிலேருந்து முதல் உறுப்பு வெறும் பூஜ்யம். நீங்க என்ன நெனச்சீங்களோ, அதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்லிட்டிருக்கு."

"அப்ப யாராவது புகார் குடுத்திருப்பாங்களே?"

"யாரு குடுப்பா? முன்னவிடச் சரியா பலிச்சுதே!"

கலியமூர்த்தியால் நிமிர இயலவில்லை. அன்று ஆறு என்று சொன்னது மானியன்று, தாமே.

"மச்சான் வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டேதான் அவரு போனாரு," என்றாள் மங்கையற்கரசி. "கூப்பிடலாம்னுதான் இருந்தேன். வரமாட்டீங்கன்னுச்சு இது. பாவி, நானும் நம்பினேன்."

கலியமூர்த்தி மானியைப் பிய்த்தெடுத்தார். விடை இன்னதென்று அறியாமல், வாழ்வில் முதன்முறையாக ஒரு வாசலில் கேட்டார்: "உள்ள வரலாமா?"

இது நிலவில் நடந்தது. வாசகரே, உம் காதின் பின்னே தடவிப் பாரும். அங்கே ஒன்றும் இல்லை. எனில், "அவர் முகங்கொடுத்துப் பேசமாட்டார்" என்று எக்கருவியால் அளந்து அந்தத் தெருமுனையிலேயே திரும்பினீர்? விடை கூறும். கூற இயலாதெனில், எழுந்து போய் அக்கதவைத் தட்டும்.