கண்டிப்பாகப் பேசுவோம்

நிலவுக் கபடி இறுதிப் போட்டி தொடங்க ஒரு மணி நேரம் இருக்கையில், நாற்பத்தொரு முதலாளிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஈரத் துணியால் முகம் துடைத்து, பிரமுகர் கூடத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். நாற்பத்திரண்டாவது முதலாளியான நாச்சிமுத்து மட்டும் சொந்தக் காலில் நடந்து வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். துணியோடு வந்த பணிப்பெண் அவர் முகத்தையும் துடைத்தாள். காது மடலுக்குப் பின்னால்கூட விடவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் இன்னொருத்தர் முகம் துடைத்துவிட்டால் கூச்சமாகத்தானே இருக்கும்? ஆனாலும் சிரித்த முகம் மாறாமல் நின்றார்.

பெரிய ஆட்டங்களுக்குப் பெரிய மனிதர்கள் நேரில் போவது என்றோ ஒழிந்துவிட்டது. அவரவர் முகமும் குரலும் நினைவும் கொண்ட மறுமேனி ஒன்று போகும். நிற்கும், சிரிக்கும், கைகுலுக்கும். ஆட்டத்தை மட்டும் பார்க்காது. பிரமுகர் கூடத்தில் எந்தக் காலத்தில்தான் யார் ஆட்டம் பார்த்தார்கள்? காரியமெல்லாம் உள்ளங்கையில் பதித்த சில்லில் இருந்தது. இரண்டு உள்ளங்கைகள் சேர்ந்தால், ஒருவருக்கு வேண்டியதும் மற்றவரிடம் இருப்பதும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒத்துப் பார்க்கப்படும். பொருந்தினால் சில்லு அதிரும், ஒப்பந்தம் முடிந்தது. வாயில் வருவதெல்லாம் வெறும் உபசாரம். நடந்ததைச் சுருக்கி ஒரு சாரக்குறிப்பு முதலாளியின் வீட்டுக்குப் போய்ச் சேரும். தொலைபேசியில் கூப்பிட்டாலும் எடுப்பது மறுமேனிதான். ஒரு முதலாளி இன்னொரு முதலாளியின் நிஜ முகத்தைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நாச்சிமுத்துவின் கெட்ட நேரம், அவருடைய மறுமேனிக்குப் பயணத்துக்கு நாலு நாள் முன்னால் கழுத்து இறுகிப்போனது. எதிரில் யார் நின்றாலும் இடது பக்கச் சுவரைப் பார்த்துத்தான் சிரித்தது. புதுசு வாங்க வழியில்லை. கோயம்புத்தூரில் அவருடைய பட்டறை மூன்று தலைமுறையாகப் பம்பு செய்கிறது. கிணற்றுப் பம்பில் தொடங்கியவர்கள், காலத்துக்கேற்ப நிலவுக்கான காற்றுப் பம்புக்கு மாறியிருந்தார்கள். முந்நூற்று நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். ஆர்டர் என்று ஒன்று வந்து பதினோரு மாதம். தை பிறப்பதற்குள் வராவிட்டால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். காற்றுப் பம்பு வாங்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, நிலவின் காற்று வாரியம். அதன் தலைவி ஜெசிந்தா தேவசகாயத்தின் மறுமேனி இறுதிப் போட்டிக்குத் தவறாமல் வரும்.

நிலவுக்கு நீங்களே போங்கள் என்று சொன்னது அவர் மனைவி தெய்வானை. கழுத்து இறுகிய மறுமேனியின் கையிலிருந்து சில்லைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, கணவரின் உள்ளங்கையில் வைத்துத் தோல் நிறப் பிளாஸ்திரி ஒட்டினாள். நேரில் போனது தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும், மறுமேனிக்குக்கூட வக்கில்லாத கம்பெனி என்று இருக்கிற பேரும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். வியர்க்கக் கூடாது, சொறியக் கூடாது, தட்டில் வடை கொடுத்தால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், தின்னக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். எல்லாவற்றையும்விட, ஆட்டத்தைப் பார்க்கவே கூடாது.

"இன்னொண்ணுங்க. அதுங்க நடுவுல மனசு உருகுறாப்பல ஒரு வரி சொல்லும். நெருக்கம் வரட்டும்னு அப்படிச் சொல்லிக் குடுத்து வச்சிருக்காங்க. அதைக் கேட்டுட்டு எளகிப் போயிறாதீங்க. ரொம்ப மகிழ்ச்சிங்க, கண்டிப்பாப் பேசுவோம்னு சொல்லிட்டு நகந்துருங்க."

கூடத்தில் அவர் முதலில் கவனித்தது அமைதியை. பேச்சு இருந்தது, சிரிப்பு இருந்தது. ஆனால் ஒரு தும்மல் இல்லை, செருமல் இல்லை, நாற்காலி நகரும் சத்தம் இல்லை. சிரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் நின்றது. தட்டுகளில் வடை ஆறிக் கல்லாகிக்கொண்டிருந்தது. உருக்காலை முதலாளி ஒருவரின் மறுமேனி அவர் கையைப் பற்றி, "என் பையன் என்கூடப் பேசி ஆறு வருஷம் ஆச்சுங்க" என்று சொல்லி எச்சில் விழுங்கியது. நாச்சிமுத்து அந்தக் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிஷம் கழித்து அதே மறுமேனி சிமெண்டு முதலாளியிடம் போய் அதே வரியைச் சொல்லி, அதே இடத்தில் எச்சில் விழுங்கியது. அவர் தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அத்தனை பேர் நிற்கும் கூடத்தில் ஒருத்தர் நெஞ்சும் ஏறி இறங்கவில்லை. மூச்சு விடுவது அவர் ஒருவர்தான். ஐயோ, எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்றிருந்தது. மூச்சைச் சின்னச் சின்னதாக, திருடுவது போல இழுத்து விட்டார்.

பயத்துக்கு ஒதுங்க இடமில்லாமல் கண்ணாடிச் சுவரின் ஒரு கோடிக்குப் போனார். கீழே ஆடுகளம். காலில் எடை கட்டி, பாடிப் போன ஆட்டக்காரன் எதிரணிக்குள் பாய்ந்தான். எடை இல்லாவிட்டால் ஒரே தாவலில் கூரையில் முட்டுவான். தடித்த கண்ணாடி வழியே சத்தம் வராது. வாய் மட்டும் கபடி கபடி என்று அசைந்தது. கல்லூரி நாளில் நாச்சிமுத்துவும் பாடிப் போனவர்தான். தெய்வானை சொன்னதெல்லாம் மறந்து மூக்கு கண்ணாடியில் படுமளவுக்குச் சாய்ந்துவிட்டார். ஆடுகளத்தைக் குளிராகவே வைத்திருப்பார்கள் என்பதால் அவர் மூச்சு பட்ட இடத்தில் கண்ணாடி வட்டமாக வெளுத்தது. அவசரமாகச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கண்ணாடிச் சுவரின் மறுகோடியில், சாம்பல் நிறச் சேலையில், ஜெசிந்தா தேவசகாயம் நின்றிருந்தது. தேடி வந்த ஆள் கிடைத்துவிட்டது என்று நாச்சிமுத்து கிளம்பினார். நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுமேனிக்கு நெஞ்சு அடிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்க் கையை நீட்டினார்.

ஜெசிந்தாவின் கை குளிர்ந்து லேசாக ஈரமாக இருந்தது. மற்ற மறுமேனிகளின் கையெல்லாம் இதமான சூட்டில் இருக்க, வாரியத்தார் மட்டமான சரக்காக வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தார். கவனம் முழுக்க உள்ளங்கையில் இருந்தது. அதிர்ந்தால் முந்நூற்று நாற்பது வீட்டில் அடுப்பெரியும். சில்லு அதிரவில்லை.

ஜெசிந்தா அவர் கையை விடாமல் ஒரு வரி சொன்னது. "எங்க கிழக்குக் குடியிருப்புல பம்பெல்லாம் பழுதாப் போச்சு. காத்து பத்தாம பிள்ளைங்க முறை வச்சுத் தூங்குதுங்க, சார்."

இதுதான் அந்த உருக்கும் வரி என்று நாச்சிமுத்துவுக்குப் புரிந்தது. என்ன சாமர்த்தியம், பம்பு செய்கிறவன் என்று தெரிந்து அதற்கேற்ற வரியாக எடுத்துவிடுகிறது!

"ரொம்ப மகிழ்ச்சிங்க. கண்டிப்பாப் பேசுவோம்" என்றார், அளவெடுத்த சிரிப்போடு.

கையை இன்னும் அழுத்திப் பார்த்தார். சில்லு செத்த பல்லி மாதிரி கிடந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். மூன்று தலைமுறை, இந்த ஒரு கையில் முடிந்துபோனது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இயந்திரத்திடம் சொன்னால் என்ன, சுவரிடம் சொன்னால் என்ன என்று, வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"இந்த ஆர்டர் வரலைன்னா தை மாசம் பட்டறையை மூடிருவேனுங்க. முந்நூத்தி நாப்பது பேர் நடுத்தெருவுல நிப்பாங்க."

ஜெசிந்தாவின் சிரிப்பு ஒரு இழைகூட மாறவில்லை. "ரொம்ப மகிழ்ச்சி, சார். கண்டிப்பாப் பேசுவோம்."

கை விலகியது. ஜெசிந்தா திரும்பி ஆடுகளத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் லிஃப்டை நோக்கி நடந்தது.

அந்த நேரம் பார்த்து ஆட்டம் முடிந்தது. யார் ஜெயித்தது என்று கூடத்தில் யாருக்கும் தெரியாது. நாற்பது மறுமேனிகளும் ஒரே நேரத்தில் கைதட்டின. நாச்சிமுத்து தட்டை வைத்துவிட்டு, ஜெசிந்தா நின்றிருந்த இடத்தைக் கடந்து கிளம்பினார். கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

அங்கே கண்ணாடியில், ஒரு முகத்தின் உயரத்தில், வட்டமாக ஒரு வெளுப்பு. ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தது.

பழுதான பம்பு ஒன்று ஓடுவதற்காக, காற்று வாரியத்தின் ஒரே மறுமேனியைப் பிரித்து அதன் மின்கலத்தை எடுத்துவிட்டார்கள். சில்லும் அதோடு போயிற்று. வாயால் கேட்டாலே போதும் என்று நம்பி, ஜெசிந்தா தானே பெட்டிக்குள் படுத்து நேரில் வந்திருந்தாள். இதெல்லாம் நாச்சிமுத்துவுக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், அது மூச்சு. பிள்ளைகள் முறை வைத்துத் தூங்குகிறார்கள் என்று உயிருள்ள ஒரு பெண் சொன்னாள், அதற்கு ரொம்ப மகிழ்ச்சி என்றோமே! வெட்கத்தில் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடினார்.

லிஃப்டின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நாலு மறுமேனிகளுக்கு நடுவில் ஜெசிந்தா நின்றாள். நாச்சிமுத்து மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். பம்பு இருக்கிறது அம்மா, நாளைக்கே அனுப்புகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். நாலு மறுமேனிகளும் ஒன்றாகத் தலையைத் திருப்பின. முகத்தைப் பார்க்கவில்லை. ஏறி இறங்கும் அவர் நெஞ்சைப் பார்த்தன. பார்த்ததெல்லாம் சாரக்குறிப்பில் போகும். நாலு கம்பெனிக்குத் தெரிந்தால் நாளைக்கு நாடு முழுக்கத் தெரியும்.

ஜெசிந்தாவும் அந்த நெஞ்சைப் பார்த்தாள். அவள் கண் விரிந்தது. பிறகு மறுமேனிகளின் தலை அவள் பக்கம் திரும்புவதற்குள் அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். நாச்சிமுத்துவும் அடக்கிக்கொண்டார். இருவர் முகமும் சிவந்தது. யாராவது ஒருத்தர் மூச்சு விட்டிருந்தால் போதும், பம்பும் ஆர்டரும் கைமாறியிருக்கும்.

"கண்டிப்பாப் பேசுவோம்" என்றாள் ஜெசிந்தா, இருந்த மூச்சில்.

"கண்டிப்பாங்க" என்றார் நாச்சிமுத்து.

கதவு மூடிக்கொண்டது. கூடத்தில் பணிப்பெண் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கையில் ஒட்டியிருந்த சில்லு தன் கடமையை மறக்கவில்லை. அன்றைக்கே கோயம்புத்தூருக்குச் சாரக்குறிப்பு அனுப்பிவிட்டது. காற்று வாரியத் தலைவியுடன் சந்திப்பு மிகச் சிறப்பு, இரு தரப்பும் கண்டிப்பாகப் பேச ஒப்புக்கொண்டன. தெய்வானை அதைப் பட்டறைக்கு எடுத்துப் போய்ச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். முந்நூற்று நாற்பது பேரும் கைதட்டினார்கள்.