ராக்கர் கோத்த கம்பி

செல்வப்பிரியா மௌனிகாவைத் தேடி வந்தபோது அவள் உதடு கிழிந்து வீங்கியிருந்தது.

"எங்க ஊட்டுக்காரரக் கரண்டுக் கம்பத்துல கட்டி வெச்சு அடிச்சாங்கக்கா. மூணு விலா எலும்பு போச்சு. ஆஸ்பத்திரியிலயே போலீஸ் காவல் இருக்குதுங்க. எந்திரிச்சு உக்காந்ததும் கொலைக் கேசுல உள்ள போட்டுருவாங்களாமா. அவரு கொல்லலீங்க!"

மௌனிகா விபத்து வண்டிகளைச் சோதித்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை தருபவள். நசுங்கிய இரும்பைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று கொல்லங்கோட்டில் அவளுக்குப் பேர். அவளுடைய ஜீப் டிரைவர் பாண்டி, வண்டன்மேட்டுக்காரன், அதற்குள் சாவியை எடுத்துவிட்டான்.

செத்தவர் டிராக்டர் மெக்கானிக் சென்னியப்பன். முந்தாநாள் பகல் ஒரு மணிக்குத் தன் பட்டறையில், வீல் ஸ்பானரால் மண்டை பிளக்கப்பட்டுக் கிடந்தார். அவரிடம் ஏழு வருடமாக வேலை பார்த்த ஆனந்தகுமார், செல்வப்பிரியாவின் கணவன், வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவன், ஆசானை மடியில் போட்டுக் கதறியிருக்கிறான். கையில் ரத்தத்தோடு இருந்தவனை ஊர் பார்த்தது. இந்த ஊருக்குக் கைதான் முதலில் ஓடும், புத்தி அப்புறம் மெதுவாக வரும். அடித்துத் துவைத்துவிட்டார்கள்.

அன்று பட்டறைக்குக் கடைசியாக வந்துபோனவர் ஆறுச்சாமி. அவருடைய பழைய டிராக்டரின் எஞ்சின்தான் அன்று காலைவரை அங்கே பிரித்துக் கிடந்தது. "பன்னெண்டே முக்காலுக்குச் சென்னியப்பனே எஞ்சின மூடி, ஓட்டிக் காட்டி, சாவியக் குடுத்தாருங்க. நல்லாத்தான் இருந்தாரு" என்று அவர் போலீசிடம் சொல்லியிருந்தார். அதன்பிறகு பொழுது சாயும்வரை அவர் உழுததை ஊரே பார்த்தது.

பட்டறைத் தரையில் ரத்தம் காய்ந்து ஈ மொய்த்தது. மௌனிகா சுவரைப் பார்த்தாள். வேறு எஞ்சின்களின் ராக்கர்கள், அதாவது வால்வை அமுக்கித் திறக்கும் விரல்நீள இரும்புகள், கம்பியில் வரிசையாகக் கோத்துத் தொங்கின. ஒவ்வொரு கம்பியின் ஒரு முனையிலும் சிவப்புத் துணி.

"துணி எதுக்கு?" என்று செல்வப்பிரியாவிடம் கேட்டாள்.

"அதுதான் ஒண்ணாம் நம்பருங்க, ரேடியேட்டர் பக்கம். ஒவ்வொரு ராக்கரும் அததன் வால்வுக்குத் தக்கன குழி விழுந்து தேஞ்சிருக்குமாமா. மாத்திப் போட்டா எஞ்சின் கத்தும்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லுவாருங்க."

வயலில் ஆறுச்சாமியின் டிராக்டர் டக் டக்கென்று தகரத்தில் சுத்தியல் அடிப்பதுபோல் கத்திக்கொண்டிருந்தது. வரப்பில் இருபது பேர் நின்றார்கள். ஆனந்தகுமாரை அடித்தவர்கள்தான் பாதி.

"கொலைகாரன் பொண்டாட்டிக்கு இங்கென்ன வேலை?" என்று ஒருவன் மண்ணாங்கட்டியை எறிந்தான்.

மௌனிகா ஆறுச்சாமியிடம் டிராக்டரை நிறுத்தச் சொன்னாள். "அண்ணா, இதுல ஒண்ணாம் நம்பர் சிலிண்டர் எது?"

"சீட்டுக்குப் பக்கத்துல இருக்கறதுதானுங்க அம்முணி. முப்பது வருசமா உக்காந்து பாக்கறனே!"

இன்சூரன்ஸ் அம்மா கேட்கும்போது மறுக்க முடியுமா? பாண்டி எஞ்சின் மூடியைத் திறந்து ராக்கர்களைக் கழற்றினான். எந்த ராக்கரின் குழியும் தன் கீழிருந்த வால்வோடு பொருந்தவில்லை. மௌனிகா ஆறு ராக்கர்களையும் தலைகீழ் வரிசையில் வைத்தாள். ஒவ்வொன்றும் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அக்கா, அப்ப இத மாட்டுனது மெக்கானிக்கே இல்லக்கா!" பாண்டி துள்ளினான்.

"சென்னியப்பன் கண்ண மூடிக்கிட்டே சரியா மாட்டுவார். ஆனந்தகுமாரும் அப்படித்தான். சிவப்புத் துணி ஒண்ணாம் நம்பர்னு தெரிஞ்சும், அத சீட்டுப் பக்கம்னு நெனைக்கற ஆளு இங்க ஒருத்தர்தான்." அவள் குரல் உயரவில்லை. "எஞ்சின நீங்கதான் மூடியிருக்கீங்க அண்ணா. அப்புறம் ஏன் அவர் மூடினார்னு சொன்னீங்க? ஏன்னா அப்ப அவர் உயிரோட இல்ல."

ஆறுச்சாமி பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவள் கழுத்துக்கே வீசினார். குறுக்கே பாய்ந்த பாண்டியின் தோள் பிளந்தது. அப்படியும் அவன் விடவில்லை, அவரைக் கீழே தள்ளி முகத்தைச் சேற்றில் அழுத்தினான்.

"ராக்கர் தேஞ்சு போச்சு, புதுசு வராம மூட மாட்டேன்னான்!" ஆறுச்சாமி சேற்றைத் துப்பிக்கொண்டு அலறினார். "எனக்குக் கனால் வாய்க்காத் தண்ணி முறை அந்த ஒரு நாளுதான்! அன்னைக்கு உழுகலீன்னா வெள்ளாமையே போச்சு! கெஞ்சினேன். முதுகத் திருப்பிக்கிட்டான்!"

இருபது பேரும் வரப்பிலிருந்து இறங்கினார்கள். முதல் அடி ஆறுச்சாமியின் வாயில் விழுந்தது, பல் தெறித்தது. செல்வப்பிரியா குறுக்கே போய் நின்றாள். ஒரு கழி அவள் முதுகில் விழுந்தது. அவள் நகரவில்லை.

"இந்தாளும் செத்துட்டா எங்க ஊட்டுக்காரருக்கு யாருங்க சாட்சி?"

ஓங்கிய கைகள் நின்றன. அவள் சேற்றில் மண்டியிட்டு, ஆறுச்சாமியின் வாயில் கொட்டிய ரத்தத்தைத் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்தாள். போலீஸ் ஜீப் வந்து, அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.