முப்பதாவது உறுதிமொழி

பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு விருதுக்கு முப்பது ஆண்டு நிறைகிறது, விழா மலருக்கு அதன் வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். காலை பத்து மணிக்கு வேதியியல் துறைக்குப் போனேன். படியேறும்போதே அழுகிய முட்டை நாற்றம்.

"நாறுற வரைக்கும் பயமில்ல சார்," என்றார் ஆய்வகப் பணியாளரான அம்மாள். "நாத்தம் நின்னா மூக்கு செத்துடுச்சுன்னு அர்த்தம். அடுத்தது நாமதான்."

நாற்றம் வருகிற அந்த ஆய்வகத்தை மூடிப் பத்தாண்டு ஆகிறது, வாயுக் குழாயைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள் என்றும் அவரே சொன்னார்.

முன்பு அங்கே அதே நாற்றமுள்ள நச்சு வாயு தாக்கி இறந்த மாணவியின் நினைவாகத்தான் விருது. கவனமாக வேலை செய்யும் மாணவருக்குப் பதக்கம். வாங்குபவர் மேடையில் ஓர் உறுதிமொழி வாசிக்க வேண்டும்: 'அவர் செய்த தவறை நான் செய்யமாட்டேன்.' பதக்கத்தை அணிவித்துவிட்டு, பக்கத்தில் நின்று ஆண்டுதோறும் அதைக் கேட்பவர் இறந்தவளின் தாய். 

அந்தத் தாய் ஃபோனில் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "என் பொண்ணு அஜாக்கிரதையாலதான் செத்தாளா? அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க தம்பி."

பணியாளர் ஆய்வகக் கதவைக் காட்டினார். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். காற்றை வெளியேற்றும் விசிறி அப்போது இரண்டு மாதமாகப் பழுதாம். சோதனை முடியுமுன் யாரும் எழுந்து போகக் கூடாதென்று வெளியே தாழிட்டவர் அவளுடைய ஆய்வு வழிகாட்டியாம். விருதை ஏற்படுத்தியதும் உறுதிமொழியை எழுதியதும் அவரே. இன்று துறைத்தலைவர்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க சார்."

கதவின் உட்பக்கம், பெயின்டுக்கு மேல் உள்ளங்கை அளவில் பிசுபிசுப்பு. தொட்ட விரலை மூன்று முறை கழுவினேன்.

போகவில்லை.

தாழ்ப்பாள் விவரத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். துறைத்தலைவர் அந்தப் பத்தியை அடித்துவிட்டார். தாய்க்கு ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார். ஆனால் விழாவுக்கு வந்தார்.

மேடையில் 'அவர் செய்த' என்றதுமே, பதக்கம் வாங்கிய மாணவிக்கு ஓங்கரித்தது. துறைத்தலைவர் மைக்கை வாங்கி, தானே வாசிக்க வாயைத் திறந்தார்.

நாற்றம்.

அவர் வாயிலிருந்து.

முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டது. தாய் மட்டும் அவர் முகத்தருகே போய், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தாழ்ப்பாள் போட்டது யாரு சார்?"

அவர் வாயை மூடப் பார்த்தார். முடியவில்லை. உதடு அசையாமலே, மைக்கில் அவர் குரல் கேட்டது.

"நான்."

ஒரு வாரம் கழித்துத் தாய் ஃபோன் செய்தார். வீட்டுக்குள் அதே நாற்றமாம். சாக்கடை அடைப்பு என்கிறார்களாம் அக்கம்பக்கத்தார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு உடனே வெளியே வரும்படி பதறினேன்.

"எதுக்குத் தம்பி? எல்லாத்தையும் சாத்திட்டேன்," என்று கிசுகிசுத்தார். "இப்பத்தான் வந்து படுத்திருக்கா."