நான்காவது கருவி

வீட்டில் இருந்தவை மூன்றே கருவிகள். புது ரவுட்டரின் பட்டியல் நான்கு என்றது.

ஹுமைரா மறுபடி எண்ணினாள். மேசைமேல் லேப்டாப். கையில் அவளுடைய போன். கூடத்தில் மாமியார் மெஹராஜ் பேகத்தின் போன். திரையில் அவற்றுக்குக் கீழே இன்னொரு வரி: 'பெயரில்லாத கருவி'. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. வரும்போதெல்லாம் இணைப்பு ஒரு கணம் அறுந்து ஒட்டியது.

அறுபடக் கூடாது. டாக்டர்கள் பேசிப் பதிந்த குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. இன்று ஆறு மணிக்குச் சோதனை. ஒரு மணி நேரம் அறுபடாமல் இருந்தால் வேலை அவளுக்கு. அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்து நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை படி தாண்ட மாட்டாள். வீட்டுக்குள் வந்து சேரக்கூடிய வேலை இது ஒன்றுதான்.

"என்ன புள்ள, அந்தப் பொட்டிய இன்னும் மொறச்சுகிட்டு இருக்கே?" என்றாள் கூடத்திலிருந்து மாமியார்.

"லைன் அறுந்து அறுந்து போவுது மாமி."

"ஒங்க மாமா மலேசியாவுலேருந்து போட்ட லெட்டர் வர ஒரு மாசம் ஆவும். ஒண்ணும் அறுந்து போயிடல."

ஹுமைரா சிரித்தாள். "இதுவும் தபால்காரர் மாதிரிதான் மாமி. உள்ள வர்ற ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதவு எண் கொடுக்கும். எது என்ன கேட்டுச்சோ, சரியா அதுகிட்டயே கொண்டுபோய்க் கொடுக்கும்."

"அப்ப தபால்காரர்கிட்டயே கேளு, யாரு வந்திருக்கான்னு."

அது நல்ல யோசனைதான். ஹுமைரா முறையாகத் தொடங்கினாள். தன் போனை அணைத்தாள். பட்டியலில் ஒன்று குறைந்தது. மாமியாரின் போனை வாங்கி அணைத்தாள், இன்னொன்று குறைந்தது. மிஞ்ச வேண்டியது லேப்டாப் ஒன்றே. இரண்டு இருந்தன.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எண் உண்டு. எண் சிறிதாக இருந்தால் கருவி அருகே, பெரிதாக இருந்தால் தூரத்தில். லேப்டாப்புக்கு முப்பத்திரண்டு. தன் போனை மீண்டும் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவு வரை நடந்து பார்த்தாள், ஐம்பத்தெட்டு. நான்காவதற்கு எண்பத்தெட்டு. கணக்குப்படி அது கொல்லையையும் வாழை மரங்களையும் தாண்டி, வாய்க்கால் பக்கம்.

ஐப்பசி மழை காலையிலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தது. குடமுருட்டியிலிருந்து பிரிந்து வரும் அந்த வாய்க்கால் கரை தளும்ப ஓடுவது, ஓட்டுக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கு அடியில் ஒரு முனகலாகக் கேட்டது. ஈரச் சுண்ணாம்பும் அழுகிய ஆகாயத்தாமரையும் கலந்த வாடை ஜன்னல் வழியாக வந்து அறைக்குள் தங்கியது. அந்தத் தண்ணீரில்தான் ஆவணியில் அவள் கணவர் அப்சர் போனார். இரண்டாம் நாள் மதகடியில் எடுத்தார்கள். சட்டைப் பையில் இருந்த போன் மட்டும் கிடைக்கவில்லை.

எண்பத்தொன்று.

வாய்க்கால் கரையில் யாரும் இல்லை. மழையில் யார் நிற்பார்கள்? பாஸ்வேர்டு தெரியாத போன் எதுவும் உள்ளே வர முடியாது. பாஸ்வேர்டு தெரிந்தவர்கள்...

அப்போதுதான் தான் செய்தது நினைவுக்கு வந்தது. இடியில் பழைய ரவுட்டர் போன பிறகு, புதியதற்கும் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வைத்திருந்தாள். பழைய பெயரைக் கண்டதும் வீட்டுப் போன்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. வசதிக்காகச் செய்தது. அந்தப் பெயரை முதலில் வைத்தவர் அப்சர். அதை மாற்ற மனம் வராததும் ஒரு காரணம்.

ஒருமுறை இந்த வீட்டுக்குள் வந்த எந்தப் போனும் மறக்காது. கூப்பிட்டால் வரும்.

எழுபத்து நான்கு. இந்தத் தூரத்திலிருந்து பெயரும் வந்து சேர்ந்தது போலும். வரி மாறியது.

'அப்சர்-போன்'.

யாரோ கண்டெடுத்துக் காய வைத்திருக்கலாம். இரண்டு மாதம் சேற்றில் கிடந்த போனையா?

அறுபத்தாறு. வாழை மரங்கள்.

"மாமி, கொல்லைக் கதவு தாப்பா போட்டிருக்கா?"

"போட்டிருக்கேன், போட்டிருக்கேன். ஏன் இப்படி மூச்சு வாங்குறே?"

ஐம்பத்தொன்பது.

அவள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். புதுப் பெயர் அடித்தாள். புது பாஸ்வேர்டு. விரல் இரண்டு முறை தவறியது. சேமித்தாள். ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து மீண்டும் எரிந்தன. லேப்டாப்பை மட்டும் சேர்த்தாள்.

பட்டியலில் ஒன்று.

வெளியே ஏதோ நின்றது. சத்தம் கேட்டு அவள் அதை அறியவில்லை. வாழை இலைகளில் இவ்வளவு நேரம் உரசிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோனதில் அறிந்தாள்.

மணி ஆறாக ஏழு நிமிடம். இரண்டு போன்களையும் சேர்த்தாள். மூன்று. மூச்சு விட்டாள்.

ரவுட்டரின் பின்னால் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

கம்பி செருகும் வாசல். மோட்டார் திருட்டுக்குப் பயந்து அப்சர் போன வருஷம் கொல்லையில் கேமரா மாட்டி, சுவரில் துளை போட்டு இழுத்த நீலக் கம்பி. வெள்ளத்தில் கேமராவும் கம்பமும் போயின. கம்பியின் மறுமுனை சுவருக்கு வெளியே சும்மா தொங்குகிறது. பழைய ரவுட்டரில் இருந்தபடியே புதியதிலும் அதைச் செருகி வைத்திருந்தாள். மறுமுனையில் எதுவும் இல்லாதவரை அந்த விளக்கு எரியாது.

எரிந்தது. மினுக்கியது.

கம்பி வழியாக வருவதற்கு பாஸ்வேர்டு தேவையில்லை.

பட்டியலில் நான்கு.

"ஹுமைரா." மாமியாரின் குரல் கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தது. இளகிய குரல். "எம் புள்ள நனைஞ்சுகிட்டு நிக்கிது பாரு."

"மாமி, தொறக்காதீங்க!"

கம்பியைப் பிடித்தாள். ஈரம். சுவர்த் துளையிலிருந்து வாய்க்கால் தண்ணீர் அதன்மீது ஊர்ந்து வந்து முனையில் சொட்டியது. இழுத்தாள். வரவில்லை. மறுபக்கத்திலிருந்தும் யாரோ இழுத்தார்கள். மெதுவாக. அவசரமே இல்லாமல்.

முனையின் சின்ன நாக்கை அழுத்திவிட்டுப் பிடுங்கினாள். கழன்றது. கையை விட்டு வழுக்கி, முழம் முழமாகத் துளைக்குள் போய் மறைந்தது.

விளக்கு அணைந்தது.

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

"வா அத்தா. வா. எத்தன நாளாச்சு."

சேற்றுக் கால்கள். சமையலறை. கூடம். ஈரம் சொதசொதவென்று மிதிபடும் ஒவ்வோர் அடிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி.

வந்திருப்பது யாராக இருந்தாலும் அவள் கணவர் இல்லை; இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆண் முன்னால் நிற்கக் கூடாது. ஹுமைரா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டாள்.

ஆறு மணி. லேப்டாப்பில் அழைப்பு வந்தது. பட்டியலில் மூன்றே கருவிகள். கம்பியைக் கழற்றிய பிறகு இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை.