மூன்று தடவை இழுத்தால்

மாடிப்படி ஏறி வந்தவளைப் பார்த்ததும் கதவைத் திறந்த அம்மாள் லேசாகச் சிரித்தார்.

"ரேடியோ மெக்கானிக்னதும் மீசையோட ஒருத்தர் வருவார்னு நெனச்சேன்."

"மீசை வீட்ல இருக்குக்கா. தூங்குது."

அறையில் ஒரு கட்டில், அதன்மேல் மடித்த போர்வை, தலைமாட்டில் அந்த வால்வு ரேடியோ. மத்தியான வெயிலிலும் ஜன்னல் சாத்தியிருந்தது. மருந்து வாடை இன்னும் போகவில்லை.

"ஸ்டேஷன் வராட்டியும் பரவால்லம்மா. உள்ளேருந்து ஒரு முனகல் வரும். அது நாளுக்கு நாள் கொறஞ்சுக்கிட்டே போவுது. அதை மட்டும் பழையபடி ஆக்கிக் குடுங்க."

இருபது வருடத் தொழிலில் முனகலை நிறுத்தச் சொன்னவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

அம்மாள் போர்வையைத் தடவிக்கொண்டே சொன்னார். மகளுக்குப் பிறவியிலேயே பேச்சு இல்லை. ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு முனகுவாள். அதுதான் அவள் பேச்சு.

"முனகலை ரெண்டு தடவை இழுத்தா தண்ணி வேணும். மூணு தடவை இழுத்தா பயமா இருக்குன்னு அர்த்தம். ஓடிப்போய்க் கையைப் புடிச்சுக்கணும்."

மகள் இறந்து மூன்று வருடம். மறுநாளே ரேடியோ முனக ஆரம்பித்ததாம்.

மெக்கானிக் தலையாட்டினாள். பிறர் துயரத்தை வாசலில் செருப்போடு விட்டுவரப் பழகியவள் அவள். பின்பலகையைக் கழற்றி, களைத்துப்போன வால்வு ஒன்றை மாற்றி, ஸ்விட்சைப் போட்டாள். கண்ணாடிக்குள் நெருப்புக் கம்பி மெல்லக் கனன்றது.

முனகல் வந்தது. கனமாக, அறை நிறைய.

"அவதான்," என்றார் அம்மாள், கிசுகிசுப்பாக. கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனார்.

தனியாக இருந்தபோதுதான் மெக்கானிக் கவனித்தாள். கரன்ட் முனகல் ஒரே சீராக இருக்கும்.

இது நடுநடுவே மூச்சு வாங்கியது.

வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மின்சாரத்தை வடிகட்டும் கண்டென்சர் காய்ந்து வீங்கியிருந்தது. முனகலுக்குக் காரணம் அதுதான்; விட்டால் ஒருநாள் வெடிக்கும். முனகுகிற பெட்டியை அப்படியே மூடிவிட்டுப் போக அவள் கைக்குத் தெரியாது. அணைத்தாள். புதியதைப் பற்றவைத்தாள். பழையதைத் தகர டப்பாவில் போட்டாள். ஐந்து நிமிடம்.

மறுபடி ஸ்விட்சைப் போட்டதும் யாரோ தெள்ளத்தெளிவாகச் செய்தி வாசித்தார்கள்.

டீயோடு வந்த அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அவ எங்க?"

பதறிப்போய்ப் பழையதையே திரும்பப் பொருத்தினாள். முனகல் வந்தே தீரவேண்டும். வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. பழையதை டப்பாவில் போட்டுவிட்டுப் புதியதையே மாட்டி, கருவிகளை எடுத்துக்கொண்டாள். அம்மாள் திட்டவில்லை.

"நான் எடுக்கச் சொல்லலியேம்மா," என்றார். அவ்வளவுதான்.

பஸ்ஸில் மடியிலிருந்த டப்பா அதிர்ந்தது. உள்ளே அதே முனகல். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடினாள். அம்மாள் அந்தப் பழைய கண்டென்சரைக் காதோடு அழுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ஒண்ணும் கேக்கலியே."

"கேக்குதுக்கா. ரெண்டு தடவை இழுக்குறா. தண்ணி கேக்குறா."

அம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட மிச்சமில்லை.

"பெத்தவளுக்குக் கேக்காம உனக்கு எப்படிக் கேக்குது?"

கண்டென்சரைக் கையில் இறுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து காலி டப்பாவை அலமாரியில் வைத்தாள்.

காலி டப்பா முனகியது.

இரண்டு இழுப்பு. ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர் வைத்தபடி இருந்தது.

பிறகு மூன்று இழுப்பு.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். நகரின் மறுபக்கத்தில் ஒருத்தி, எதுவும் கேட்காத ஒரு தகரத்துண்டில் காதை வைத்துக் காத்திருப்பாள். ஓடிவந்து பிடிக்கவேண்டிய கை அந்தத் தாயுடையது.

மறுபடி மூன்று.

தாங்க முடியாமல் டப்பாவுக்குள் கையை விட்டாள். மெலிந்த விரல்கள் அவள் விரல்களைப் பற்றிக்கொண்டன. தெரிந்த கைதானா என்று தடவிப் பார்த்தன.

முனகல் நிற்கவில்லை.