சிவப்பு நாடா வைத்த துண்டு

படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடலைப் பார்த்த மாடம், எலுமிச்சைத் தொட்டிகள், வெயிலில் வெளுத்த பச்சை ஜன்னல் கதவுகள், கீழே பாறைகளில் மோதிச் சிதறும் தண்ணீர். விடுமுறைக்கு வாடகை விடுகிற இத்தாலியக் கடற்கரை வீடுகள் எல்லாம் படத்தில் இப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த மாடத்தின் கம்பியில் ஒரு துண்டு தொங்கியது. நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பெரிய குளியல் துண்டு. அதன் மேல் ஓரத்தில், ஆணியில் மாட்டுவதற்காகத் தைத்த ஒரு சிவப்பு நாடா.

ஹென்னிங் காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்தான். பக்கத்தில் கேசா கணினியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இது வேணாம்" என்றான்.

"ஏன்? ஈஸ்டர் நேரத்துல கடலைப் பாத்தமாதிரி வீடு கெடைக்கிறதே அதிசயம்."

"படி நெறைய இருக்கும். என் முழங்காலுக்கு ஆகாது."

"அந்த முழங்கால் போன வாரம் கைப்பந்து ஆடப் போச்சே. அப்ப எங்க வலிச்சுது?" என்று கேட்டுவிட்டுக் கேசா அடுத்த படத்துக்குப் போனாள்.

ஜெர்மனியின் வடகோடியில் இருக்கிற ஃப்ளென்ஸ்பூர்க்கில் பிப்ரவரி மாதத்தைத் தாண்டுவதற்கு இரண்டே வழி. ஒன்று ரம், மற்றொன்று ஈஸ்டருக்கு எங்கே போகலாம் என்று உட்கார்ந்து திட்டம் போடுவது. கேசா ரம் குடிப்பதில்லை. மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி முடிப்பதற்குள் குடாவின்மேல் இருட்டு இறங்கிவிடுகிற அந்த நாட்களில், மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும் கணினியைத் திறந்து இத்தாலிக்குள் போய்விடுவாள். இதற்காகவே இரண்டு வருடமாக மாலை வகுப்பில் இத்தாலி மொழி வேறு படித்துக்கொண்டிருந்தாள். ஹென்னிங்குடன் இந்த வீட்டில் வாழ வந்தபிறகு அவர்கள் சேர்ந்து போகும் முதல் விடுமுறை இது.

வீடு மாரெனுடையது. மாரென் அவன் மனைவி. அவளுடைய அப்பா கட்டிய வீடு இது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேசா கேட்டபோது, ஊருக்குப் போன இடத்தில் இதயம் நின்றுவிட்டது என்று சொல்லியிருந்தான். அதில் பொய் எதுவும் இல்லை. யாருக்கும் கடைசியில் நிற்பது அதுதானே. எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. துக்கத்தைக் கிளறக் கூடாது என்கிற நல்ல மனசு அவளுக்கு. அந்த நல்ல மனசின் நிழலில்தான் அவன் இவ்வளவு நாளாகச் சொகுசாகக் குடியிருந்தான்.

"சரி, இது?" என்றாள் கேசா. வேறு கிராமம், வேறு வீடு. ஆரஞ்சுச் சுவர், கீழே மீன்படகுகள். இரண்டாம் மாடி ஜன்னலில் அதே துண்டு தொங்கியது.

"அங்க பாரு, அந்த ஜன்னல்ல" என்றான் ஹென்னிங். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"துண்டு. எவனாவது டூரிஸ்ட் காயப்போட்டிருப்பான். அதுக்கென்ன?"

மூன்றாவது வீட்டின் படத்தில் துண்டு மாடத்திலும் இல்லை, ஜன்னலிலும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான். பிறகு குளியலறைப் படம் வந்தது. வெள்ளை ஓடு பதித்த சுவரில் ஒரு கொக்கி, கொக்கியில் சிவப்பு நாடா, நாடாவில் துண்டு. அது நனைந்திருந்தது. அதன் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த சமையலறையில் எங்கிருந்தோ எலுமிச்சைப் பூவின் வாசம் வந்தது. வாசத்துக்கு அடியில், பாறை இடுக்கில் அழுகும் கடற்பாசியின் நாற்றம்.

மாரெனுக்கு மாட்டும் நாடா இல்லாத துண்டைக் கண்டால் ஆகாது. கடையில் வாங்கி வந்ததும் முதல் வேலையாகப் பழைய நாடாவைப் பிரித்துவிட்டுச் சிவப்பு நாடா வைத்துத் தைப்பாள். "நாடா பிஞ்ச துண்டு தரைலதான் கெடக்கும், உன்னமாதிரி" என்று அவனைக் கிண்டல் செய்வாள். அவள் போனபிறகு அந்தத் துண்டுகளை எல்லாம் மூட்டை கட்டித் தேவாலயப் பழந்துணிப் பெட்டியில் போட்டான். நீலப் பட்டைத் துண்டு மட்டும் அந்த மூட்டையில் இல்லை. அதை இத்தாலியில், ரயில் நிலையத்துக் குப்பைத் தொட்டியில், தன் கையாலேயே மடித்துப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

அன்றைக்கும் ஈஸ்டர்தான். அந்த ஊர்க்காரர்கள் ஜூன் பிறக்காமல் கடலில் கணுக்காலைக்கூட நனைக்கமாட்டார்கள். பஞ்சு வைத்த கோட்டும் கழுத்துத் துணியுமாகப் படகுத்துறையில் நின்று பார்ப்பார்கள். ஃப்ளென்ஸ்பூர்க்காரர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. பனி உருகிய குடாவில் ஏப்ரலிலேயே முங்கி எழுந்து பழகியவர்களுக்கு, அந்தக் கடல் வெந்நீர் மாதிரி. அதனால் யாரும் வராத ஒரு பாறையாகப் பார்த்து இருவரும் இறங்கினார்கள். குடாவில் செய்வதுபோலவே ஒருவர் துணி களைந்து நீந்த, மற்றவர் கரையில் துண்டை இரு கையாலும் விரித்துத் தலை உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தோளுக்கு மேல் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். ஏறி வருகிறவர் நேராகத் துண்டுக்குள் வந்துவிடலாம். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர்களிடம் மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

முந்தின நாள் மாலை மாடத்தில் உட்கார்ந்து மாரென் சொல்லியிருந்தாள். "போதும், ஹென்னிங். கோடைக்குள்ள நீ வேற எடம் பாத்துக்கோ. வீட்ட நான் வச்சிக்கிறேன்." கோபமே இல்லாமல் சொன்னாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அவள் நீந்தித் திரும்பும்போது அலை உயர்ந்துவிட்டது. பாறையின் விளிம்பைப் பிடித்தாள்; அலை பிய்த்தெடுத்தது. மறுபடியும் பிடித்தாள். சிப்பி ஒட்டிய பாறை அவள் நகங்களை உடைத்தது. ஹென்னிங் ஓர் எட்டு வைத்தால் போதும். குனிந்தால் போதும்.

"கை குடு, ஹென்னிங்" என்றாள். 

அவன் அவளைத் தள்ளவில்லை. தொடவே இல்லை. முகத்தைத் தோளுக்கு மேல் திருப்பிக்கொண்டு, துண்டைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவள் கேட்பது நிற்கும்வரை நின்றான். துண்டில் ஒரு துளி ஈரம்கூடப் படவில்லை.

கணினியில் அந்தப் படங்களைப் பார்த்த மறுநாள் அவன் டிரைவிங் பள்ளிக்குப் போனான். அடுத்தவர்களுக்கு எப்போது பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அவன் தொழில். அன்று ஒரு பெண் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தான். காரின் பின்சீட்டிலிருந்து ஈரத்துணி வாடை வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கேசா சந்தோஷமாக இருந்தாள்.

"முடிச்சிட்டேன். மொதல்ல பாத்தோமே, எலுமிச்சை மாடம், அதேதான். வீட்டுக்காரம்மாகிட்ட போன்லயே பேசிட்டேன். சிஞ்ஞோரா பரோடி. பாவம், என் இத்தாலியத் தாங்கிக்கிட்டாங்க."

"நான் வேணாம்னு சொன்னேன்ல."

"நீ சொன்னது முழங்கால். முழங்காலுக்கு நான் தைலம் வாங்கிட்டு வந்துட்டேன்." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஒரே ஒரு விஷயம்தான் புரியல. படுக்கை விரிப்பு, துண்டெல்லாம் நாங்க கொண்டு வர்றதா, நீங்க தர்றதான்னு கேட்டேன். ரெண்டு துண்டு எடுத்து வைக்கிறேன், மூணாவதா வர்ற அம்மா தன்னோடத வச்சிருக்காங்கன்றாங்க. மூணாவது ஆள் யாருன்னு கேட்டா, உங்களுக்கு முன்னாடியே வந்து பேசிட்டுப் போனாங்களேங்கறாங்க."

"உனக்கு அந்தப் பாஷை சரியா வராது, கேசா."

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டாள்.

ஹென்னிங் மாடியில் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டான். முகத்தைக் கழுவினான். துடைக்கக் கையை நீட்டியவன் அப்படியே நின்றான். கேசா புதிதாக வாங்கிய சாம்பல் நிறத் துண்டுகள் கொக்கியில் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் சிவப்பு நாடா. நெருக்கமான, சின்னச் சின்னத் தையல். அந்தத் தையலை அவனுக்குத் தெரியும்.

"இத நீயா தைச்ச?" என்று கீழே பார்த்துக் கத்தினான்.

"எத?"

"துண்டுல. நாடா."

"எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்கவே வராது. அதெல்லாம் கடைலயே தைச்சதுன்னுல்ல நெனச்சேன்."

கத்தரிக்கோலால் எல்லா நாடாவையும் வெட்டிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டான். ஜன்னலை அகலத் திறந்து குடாக் காற்றை உள்ளே விட்டான். எலுமிச்சைப் பூவின் வாசம் குறையவில்லை. தரை ஓடுகளுக்கு நடுவே நறநறவென்று ஏதோ காலில் ஒட்டியது. குனிந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழையும் பனியும் கலந்து கொட்டியது. காரிலிருந்து வீட்டுக்குள் வருவதற்குள் எலும்புவரை குளிர்ந்துவிட்டது அவனுக்கு. தொட்டியில் வெந்நீர் நிரப்பிப் படுத்துக்கொண்டான். பயணத்தை எப்படி நிறுத்துவது என்று யோசித்தான். முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லலாம். கேசாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அவள் போய்விடுவாள், போகிற வழியில் போலீசுக்கும் போவாள், வீடும் போகும். வீட்டை நினைத்ததும் வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தான். இரண்டாவது முறையாகவும் அவன் வீட்டையே தேர்ந்தெடுத்தான்.

கீழே கேசா வீட்டுக்காரம்மாவுடன் போனில் பேசுவது கேட்டது. தட்டுத்தடுமாறிய இத்தாலி, நடுவில் சிரிப்பு. ஜன்னல் கண்ணாடியில் மழை. கொதிகலனின் உறுமல். ஆவி படிந்த விளக்கு மஞ்சளாக மங்கியிருந்தது. கண் செருகியது. விழித்தபோது தண்ணீர் ஆறியிருந்தது. கொக்கிகளில் ஒரு துண்டும் இல்லை.

"கேசா" என்று கூப்பிட்டான். "துண்டு ஒண்ணு எடுத்துட்டு வா."

மாடிப்படியில் காலடிச் சத்தம். வெறுங்கால். மரப்படியில் பதிந்து, ஒட்டி, பிரிகிற ஈரச் சத்தம். அவள் ஏன் செருப்புப் போடவில்லை என்று நினைத்தான்.

அப்போது கீழே கேசா சிரித்தாள்.

காலடி படியின் மேலே வந்துவிட்டது. நடையில் நடந்தது. கதவுக்கு வெளியே நின்றது.

அவன் தாழிட்டிருந்தான். நன்றாக நினைவிருந்தது. தாழ் மெதுவாக விலகியது.

முதலில் துண்டு வந்தது. தலை உயரத்துக்கு, இரு கையாலும் விரித்துப் பிடித்த துண்டு. நீலம், வெள்ளை, நீலம். மேல் ஓரத்தில் சிவப்பு நாடா. ஓரங்களைப் பிடித்த விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. நகங்கள் உடைந்திருந்தன. துண்டுக்குக் கீழே இரண்டு பாதங்கள். விரல் இடுக்குகளில் பாசி.

தண்ணீர் குளிர்ந்தது. குழாய் மூடியிருந்தது, தண்ணீர் ஏறியது. மார்புக்கு. கழுத்துக்கு. தொட்டிக்குள் ஓர் அலை எழுந்து அவன் முகத்தில் அறைந்தது.

தொட்டியின் விளிம்பைப் பிடித்தான். வழவழப்பாக இருக்க வேண்டிய விளிம்பு சொரசொரத்தது. சிப்பி. உள்ளங்கை கிழிந்தது. வழுக்கியது. காலுக்குக் கீழே தொட்டியின் அடி இல்லை. துழாவினான். ஆழம்.

கீழே கேசாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "இல்ல சிஞ்ஞோரா, ரெண்டு பேர். ஒரு துண்டா? ஏன் ஒண்ணு போதும்ங்கறீங்க?"

கத்த வாயைத் திறந்தான். வாய் நிறைய உப்பு. மறுபடியும் விளிம்பைப் பிடித்தான். நகம் பிய்ந்தது. ஓர் எட்டுத் தூரத்தில்தான் அவள் நின்றாள். குனிந்தால் போதும்.

"கை குடு" என்றான். "மாரென். கை குடு."

துண்டு அசையவில்லை. அதற்கு மேலே, தண்ணீர் வடியும் தலைமுடி தெரிந்தது. முகம் தெரியவில்லை. அது மரியாதையாகத் தோளுக்கு மேல் திரும்பியிருந்தது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் துண்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.