அம்சம் மணியடித்த மத்தியானம்

குடவாசலுக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் தினமும் காலை வணக்கம் முடிந்ததும் ஒரு பிள்ளை முன்னால் வந்து பள்ளிச் செய்தி படிக்கும். யார் வீட்டுப் பசு கன்று போட்டது, யாருக்கு அம்மை போட்டிருக்கிறது, மதியம் சோறா, கோதுமை உப்புமாவா என்பதெல்லாம்தான் செய்திகள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருவராகப் படிப்பார்கள். கண்ணால் பார்த்தவர்களிடம் கேட்காமல் எதையும் படிக்கக் கூடாது என்பது பள்ளியின் வழக்கம்.

அந்த வாரம் அம்சம் என்ற பெண்ணின் முறை. செய்தி படிப்பதற்கு அவ்வளவு மோசமான வாரம் வேறு இருக்க முடியாது.

தை மாதம். சம்பா நெல் விளைந்து தலைசாய்த்து நின்றது. அறுக்கத்தான் ஆள் இறங்கவில்லை. அறுவடைக் கூலி இவ்வளவு என்று புதிய அரசு சட்டம் போட்டிருந்தது. அதைக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்றார்கள் தெற்குத் தெருக்காரர்கள். கொடுக்க முடியாது, வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்து அறுத்துக்கொள்கிறோம் என்றார்கள் பெரிய தெரு மிராசுதார்கள். வந்தால் வரப்பிலேயே மறிப்போம் என்று பதில் வந்தது. அதோடு இரண்டு தெருவுக்கும் பேச்சு நின்றுபோனது.

அது பள்ளிக்குள்ளும் வந்துவிட்டது. வகுப்பில் அம்சத்தின் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவள் ஞானாம்பாள். அவள் அப்பா நாகநாதன், பெரிய தெருவிலேயே அதிக நிலம் உள்ளவர். அம்சத்தின் அப்பா மருதையன், கூலிக்காரர்களின் சங்கத்தை நடத்துகிறவர். தெற்குத் தெருப் பெண்ணோடு பேசக் கூடாதென்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்று ஞானாம்பாள் ஒருநாள் அம்சத்திடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவரோரமாகத் தள்ளி உட்கார்ந்தாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

வியாழக்கிழமை, சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், பள்ளிக்குப் பின்புறம் இருந்த புளியமரத்தடியில் கூச்சல் கேட்டது. அம்சம் ஓடினாள்.

ஞானாம்பாளின் தம்பி தியாகராசன் மரத்தடியில் கிடந்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவன். நெற்றி கிழிந்து முகமெல்லாம் இரத்தம். பக்கத்தில் மண்டியிட்டிருந்தவன் அம்சத்தின் தம்பி வீரையன். தன் சட்டையைக் கழற்றி, காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தான்.

தலைமை ஆசிரியர் மூஸா வேகமாக வந்தார். அந்தச் சட்டையாலேயே தலையை இறுக்கிக் கட்டினார். இன்னொரு ஆசிரியர் அன்று விடுப்பு. சமையல் செய்யும் பொன்னுத்தாயிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தியாகராசனைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி குடவாசல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

அவர் போன பிறகுதான் இரண்டு பிள்ளைகளைக் காணோம் என்று தெரிந்தது. ஒருவன் பெரிய தெருவுக்கு ஓடியிருந்தான். இன்னொருவன் தெற்குத் தெருவுக்கு ஓடியிருந்தான்.

அம்சம் தம்பியைச் சமையற்கட்டின் பின்னால் அழைத்துப் போனாள். அவன் வெறும் உடம்போடு நடுங்கினான்.

"நீ தள்ளினியாடா?"

"இல்லக்கா. அவனாத்தான் விழுந்தான். ஆனா..."

"ஆனா என்ன?"

"பெரிய தெருப் புள்ளைக்கு மரம் ஏறத் தெரியாதுன்னு சொன்னேன். அதான் ஏறிட்டான்."

வேறு யாராவது பார்த்தார்களா என்று அம்சம் ஒவ்வொருவராகக் கேட்டாள். பலரும் சத்தம் கேட்டு வந்தவர்கள்தான். கிணற்றடியில் ஞானாம்பாள் கழுவின தட்டோடு அழுதுகொண்டு நின்றாள். கிணற்றடியிலிருந்து மரம் நன்றாகத் தெரியும்.

கிளை முறிந்துதான் விழுந்தானா என்று அம்சம் அவளிடம் கேட்டாள். ஞானாம்பாள் ஆமென்று தலையாட்டினாள். பேசக் கூடாதென்றுதானே வீட்டில் சொல்லியிருந்தார்கள், தலையாட்டக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

அதற்குள் தெருப்பக்கம் இரைச்சல் கேட்டது.

கிழக்கு வாசல் வழியாகப் பெரிய தெருக்காரர்கள் வந்தார்கள். முன்னால் நாகநாதன். மேல் துண்டுகூட இல்லாமல் ஓடி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கையில் தடிகள். தெற்குத் தெருப் பையன் அவர் மகனை மரத்திலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டான் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள்.

மேற்கு வாசலில் மருதையனும் தெற்குத் தெரு ஆட்களும் வந்து நின்றார்கள். வீரையனைக் கட்டி வைத்து அடிக்கிறார்கள் என்று இவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். சிலர் கையில் அறுப்பு அரிவாள் இருந்தது.

நடுவில் விளையாட்டுத் திடல். சின்னப் பிள்ளைகள் அழுதுகொண்டு இங்கும் அங்கும் ஓடினார்கள். பொன்னுத்தாய் வீரையனைச் சமையற்கட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"எம் புள்ளை எங்கடா?" என்று நாகநாதன் கேட்டது யார் காதிலும் விழவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கத்திக்கொண்டே திடலுக்குள் இறங்கினார்கள்.

அம்சம் தாழ்வாரத்துக்கு ஓடினாள். அங்கே மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடித்தாள். காலை வணக்கத்துக்கு அடிக்கிற மாதிரியே, விட்டுவிட்டு அடித்தாள்.

அந்த மணியைக் கேட்டால் பிள்ளைகளின் கால்கள் தாமாக நடக்கும். அழுகிற பிள்ளை அழுதுகொண்டே வந்தது. ஒன்றாம் வகுப்பு முன்னால், ஐந்தாம் வகுப்பு பின்னால். திடலின் நடுவில் வரிசைகள் நின்றன. இந்தப் பக்கம் வந்தவர்களும் அந்தப் பக்கம் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். பிள்ளைகளை மிதித்துக்கொண்டு போக முடியாதே.

பொன்னுத்தாய் அம்சத்தின் காதருகே குனிந்தாள். அவளும் தெற்குத் தெருதான்; வீரையன் அக்காவிடம் சொன்னது சமையற்கட்டுக்குள் அவள் காதிலும் விழுந்திருந்தது. "தம்பி சொன்னத மட்டும் சொல்லிடாதடி. கிளை முறிஞ்சுதுன்னு சொல்லு, போதும்."

அம்சம் யோசித்தாள். அதை விட்டுவிடலாம். ஆனால் நாளைக்கு வேறு யாராவது அதைச் சொன்னால், அவள் படித்தது முழுவதும் பொய்யாகிவிடும்.

அவள் வரிசைகளுக்கு முன்னால் போய் நின்றாள். வழக்கமான இடம்தான்.

"இன்றைய பள்ளிச் செய்தி," என்று தொடங்கினாள். குரல் கீச்சென்று வந்தது. மறுபடியும் தொடங்கினாள். "இரண்டாம் வகுப்புத் தியாகராசன் புளியமரத்திலிருந்து விழுந்தான். நெற்றியில் காயம். உயிரோடுதான் இருக்கிறான். மூஸா சார் அவனைச் சைக்கிளில் குடவாசல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்."

நாகநாதன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"மூன்றாம் வகுப்பு வீரையன் அவனைத் தள்ளவில்லை. ஆனால் மரம் ஏறத் தெரியாதென்று கேலி செய்தான். அதனால்தான் தியாகராசன் ஏறினான். கேலி செய்தது தப்பு. விழுந்த பிறகு வீரையன்தான் சட்டையைக் கழற்றி இரத்தத்தை நிறுத்தினான். அவனை யாரும் அடிக்கவில்லை."

மருதையன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

கிழக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "தம்பிக்காக அக்கா சொல்லுது. இத யாரு நம்புறது?"

திடலில் மறுபடி முணுமுணுப்பு எழுந்தது. தடிகள் அசைந்தன.

"அவன் விழுந்த பிறகுதாங்க நான் வந்தேன்," என்றாள் அம்சம். "விழுந்ததப் பார்த்தது நான் இல்ல. மீதிச் செய்திய ஞானாம்பாள் படிப்பா."

எல்லாரும் ஐந்தாம் வகுப்பு வரிசையைப் பார்த்தார்கள். ஞானாம்பாள் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரமாட்டாளோ என்று அம்சம் பயந்தாள்.

பிறகு ஞானாம்பாள் நடந்து வந்தாள். அம்சத்தின் பக்கத்தில், தோள் உரச நின்றாள்.

"நான் கிணத்தடியில நின்னேன் அப்பா. கிளை முறிஞ்சுது. வீரையன் கீழதான் இருந்தான். தம்பியப் பிடிக்கத்தான் கைய நீட்டினான், பிடிக்க முடியல."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "செய்தி முடிந்தது," என்று சொல்லி நிறுத்தினாள்.

நாகநாதன் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து, தடிகளைக் கீழே போடச் சொன்னார். மேற்குப் பக்கத்தில் அரிவாள்கள் இடுப்புக்குப் போயின.

நாகநாதன் அவசரமாகக் கிளம்பினார். சற்றுத் தூரம் போனவர் நின்றுவிட்டார். வீட்டில் வில்வண்டி இருந்தது, மாடும் இருந்தது. பூட்டி ஓட்டுகிறவர்தான் இல்லை. அவரும் வேலைநிறுத்தத்தில், மருதையனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வண்டி பூட்டச் சொல்லி அவரிடம் கேட்க நாகநாதனுக்கு வாய் வரவில்லை. வெயிலில் நடக்கத் தொடங்கினார்.

மருதையன் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போனார். அதன் கைப்பிடியில் சங்கத்தின் சிவப்புக் கொடி கட்டியிருந்தது.

"ஏறுங்க. நான் மிதிக்கிறேன்."

"கூலி விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்," என்றார் நாகநாதன்.

"நாங்க கேட்டதும் கேட்டதுதாங்க. அத நாளைக்குப் பேசுவோம். இப்ப புள்ளையப் பார்க்கலாம்."

நாகநாதன் கொடியைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முன்னால் சிவப்புக் கொடி படபடக்க, பின்னால் மிராசுதார் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சைக்கிள் வாய்க்கால் கரையில் வளைந்து வளைந்து போனது.

ஞானாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். இருந்தும் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு இதையும் படிப்பியா?" என்று கேட்டாள்.

"உங்க அப்பாவாச்சே," என்றாள் அம்சம். "நீயே படி."

கூலிப் பேச்சு முடிய அதன் பிறகும் வெகுநாள் ஆனது. ஆனால் மறுநாள் காலைச் செய்தியை ஞானாம்பாள்தான் படித்தாள். அப்பா கேரியரில் உட்கார்ந்து போனதை அவள் படித்தபோது, எல்லாருக்கும் முன்னால் சிரித்தவன் தலையில் பெரிய கட்டுப் போட்டிருந்தான். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சிரித்தான்.